குழந்தை பெயரில் இடம், பாலிசியில் நாமினி... இது மட்டும் போதுமா? பெற்றோர் கேட்க மறக்கும் 'யார் கையில்?' என்ற கேள்வி

கர்நாடக மாநிலம் தாவணகெரேயில் ஒருவர் 1971-ல் அடுத்தடுத்து இருந்த இரண்டு மனைகளை வாங்கினார். பத்திரத்தைத் தன் பெயரில் போடவில்லை. அப்போது மைனர்களாக இருந்த மூன்று மகன்களின் பெயரில் பதிவு செய்தார். பிறகு அவரே அந்த மனைகளை வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டார். நீதிமன்ற அனுமதி வாங்கவில்லை. மகன்கள் வளர்ந்து மேஜரானதும், அவர்கள் தரப்பிலிருந்து அதே மனைகள் இன்னொருவருக்கு விற்கப்பட்டன. ஒரே மனைக்கு இரண்டு கிரயப் பத்திரம். அப்பாவிடமிருந்து வந்த வழியில் வாங்கியவர் சொந்தக்காரரா, பிள்ளைகளிடம் வாங்கியவரா?

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில்தான் பதில் சொன்னது. தீர்ப்பு பிள்ளைகளிடம் வாங்கியவர் பக்கம். மைனரின் சொத்தை அனுமதியில்லாமல் கார்டியன் விற்றால், மேஜரான பிறகு அந்த விற்பனையை ஏற்க மறுக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. அதற்குத் தனியாக வழக்குப் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. அதே சொத்தைத் தானே வேறொருவருக்கு விற்பது போன்ற தெளிவான செயலே போதும் என்றது நீதிமன்றம்.

முதலில் படிக்கும்போது இது இடம் வாங்குபவர்களுக்கான எச்சரிக்கை போலத் தெரியும். ஆனால், "பொண்ணு பேர்லயே ஒரு இடம் வாங்கிப் போட்டாச்சு, இனி கவலை இல்ல" என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோருக்கும் இதில் விஷயம் இருக்கிறது. குழந்தைக்குச் சொத்து சேர்ப்பது ஒரு வேலை. பெற்றோர் இல்லாத நாளில் அந்தச் சொத்து யார் கையில் இருக்கும், எந்த வயதில் குழந்தையின் கைக்கு வரும் என்று தீர்மானிப்பது இன்னொரு வேலை. பெரும்பாலான வீடுகளில் முதல் வேலை மட்டும்தான் நடக்கிறது.

நிலத்துக்குப் பெரிய பூட்டு

இந்து மைனர் மற்றும் கார்டியன்ஷிப் சட்டம், 1956-ன் 8-வது பிரிவு சொல்வது இதுதான்: மைனரின் வீடு, நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானமாகக் கொடுக்கவோ, பெற்ற அப்பா அம்மாவாக இருந்தாலும் முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வேண்டும். 5 ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்கும் அதே விதி. 'இதை விற்பது குழந்தைக்கு அவசியம், அல்லது குழந்தைக்கு வெளிப்படையான நன்மை' என்று காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். விற்ற பணத்தைக் குழந்தை பெயரில் வங்கியில் டெபாசிட் செய்யச் சொல்லி நீதிமன்றம் நிபந்தனை போடுவதும் உண்டு. (பங்கு பிரிக்காத கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்துக்கு விதி வேறு. இங்கே பேசுவது குழந்தைக்கென்று தனியாக வந்த சொத்து பற்றி.)

அனுமதி வாங்காமல் விற்றால் என்ன ஆகும் என்பதற்குத்தான் தாவணகெரே. பிள்ளைக்கு 18 வயது முடிந்து 3 ஆண்டுகள் வரை அந்த விற்பனையின் தலைக்கு மேல் கத்தி தொங்கும். அதனால், விவரம் தெரிந்த யாரும் 'மைனர் சொத்து' என்றால் தொட மாட்டார்கள். வங்கிகளும் கடன் தரத் தயங்கும்.

குழந்தையின் சொத்தை யாரும் அபகரிக்கக் கூடாது என்பதற்காகப் போட்ட நல்ல பூட்டு இது. ஆனால் குழந்தையின் ஆபரேஷனுக்கே பணம் தேவைப்படும்போதும் அதே பூட்டுதான்.

உயில் எழுதாமல் போனால்?

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு 34 வயது, மனைவிக்கு 31. மகளுக்கு 4. ஓஎம்ஆரில் வேலை, மேடவாக்கத்தில் ரூ.80 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட். பத்திரம் கணவர் பெயரில். ரூ.1 கோடிக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ். கணவரின் அம்மா ஊரில் இருக்கிறார். இந்தக் குடும்பத்தில் யாரும் உயில் எழுதவில்லை. அந்த வயதில் யார் எழுதுகிறார்கள்?

கணவர் திடீரென்று இறந்துபோனால், ஃபிளாட் முழுவதும் மனைவிக்கு வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வராது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகள் மூன்று பேர்: மனைவி, மகள், கணவரின் அம்மா. ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. (அப்பா இந்தப் பட்டியலில் இல்லை, அவர் இரண்டாம் வகுப்பு வாரிசு. அப்பாக்களே இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள்.) இப்போது அந்த ஃபிளாட்டை விற்று, வீட்டுக் கடனை அடைத்துவிட்டு, தன் அம்மா வீட்டருகே சின்னதாக ஒரு வீடு பார்த்துப் போகலாம் என்று மனைவி நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரின் கையெழுத்து வேண்டும். மகளின் மூன்றில் ஒரு பங்குக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். இடையில் இஎம்ஐ நிற்காது.

மாமியாருக்கும் மருமகளுக்கும் நல்ல உறவு இருந்தால் கையெழுத்து ஒரு நாள் வேலை. இல்லாவிட்டால்? அந்த மூன்றில் ஒரு பங்கு பின்னாளில் மாமியாரின் மற்ற பிள்ளைகளுக்கும் போகும். நான்கு வயதுக் குழந்தை வளர்ந்து கல்லூரிக்குப் போகும்போதும், அது குடியிருக்கும் வீட்டில் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் பங்கு இருக்கும்.

இறந்தது மனைவி என்றால் கணக்கு வேறு. அவர் பெயரில் உள்ள சொத்து கணவருக்கும் மகளுக்கும் சமமாகப் போகும். மனைவியின் அம்மா எத்தனை வருடம் அந்தக் குழந்தையை வளர்த்திருந்தாலும் அவருக்கு எதுவும் வராது. கிறிஸ்தவக் குடும்பத்தில், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன்படி, கணவர் உயில் இல்லாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. அவருடைய அம்மாவுக்குப் பங்கு இல்லை. எந்த மதம் என்பதைப் பொறுத்து பங்குதாரர்கள் மாறுகிறார்கள். மைனரின் பங்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும் என்ற சிக்கல் மட்டும் பொதுவாக மாறுவதில்லை.

இருவருமே இல்லையென்றால்?

யாரும் யோசிக்க விரும்பாத கேள்வி. ஆனால் ஒரே காரில் ஊருக்குப் போகும் குடும்பங்கள் இதை யோசித்தாக வேண்டும்.

ஒரே விபத்தில் கணவன் மனைவி இருவரும் இறந்து, யார் முதலில் இறந்தார் என்று தெரியாவிட்டால், வயதில் இளையவர்தான் பிறகு இறந்தார் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு. நம் உதாரணத்தில் மனைவி இளையவர். எனவே, கணவரின் ஃபிளாட் முதலில் மூன்றாகப் பிரியும். அடுத்த நொடி மனைவியின் பங்கு மகளுக்குப் போகும். முடிவில் 4 வயது மகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு, பாட்டிக்கு ஒரு பங்கு.

சரி, அந்த மூன்றில் இரண்டு பங்கை யார் பார்த்துக்கொள்வது? இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம். சட்டம் ஓர் இந்துக் குழந்தையின் 'இயற்கையான கார்டியன்' என்று ஏற்பது அப்பாவையும் அம்மாவையும் மட்டும்தான். தாத்தா, பாட்டி, மாமா, சித்தப்பா யாரும் தானாகக் கார்டியன் ஆகிவிட முடியாது. குழந்தையைத் தூக்கி வளர்க்கலாம், பள்ளிக்கு ஃபீஸ் கட்டலாம். ஆனால் அதன் சொத்தில் கையெழுத்துப் போட முடியாது. கார்டியன்கள் மற்றும் வார்டுகள் சட்டம் 1890-ன்கீழ் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, தன்னை நியமிக்கும்படி கேட்க வேண்டும். அப்பா வழிப் பாட்டியும் அம்மா வழிப் பாட்டியும் ஆளுக்கொரு மனுப் போட்டால், அந்தக் குழந்தை நீதிமன்ற வராந்தாவில் வளர ஆரம்பிக்கும். இரண்டு பேருமே குழந்தை மேல் உயிராக இருப்பவர்களாகத்தான் இருப்பார்கள். பெற்றோர் ஒரு வரி எழுதி வைக்காததுதான் அவர்களை எதிரெதிரே நிறுத்துகிறது.

பணத்துக்கோ பூட்டே இல்லை

நிலத்துக்கு இவ்வளவு காவல் வைத்த சட்டம், ரொக்கத்தில் அநியாயத்துக்குத் தாராளமாக இருக்கிறது. 8-வது பிரிவின் முன்அனுமதி அசையாச் சொத்துக்கு மட்டும்தான். வங்கிப் பணம், இன்ஷூரன்ஸ் தொகைக்கு அது கிடையாது.

டேர்ம் பாலிசியில் 4 வயது மகளை நாமினியாகப் போட்டால், படிவத்தில் இன்னொரு கட்டம் வரும்: அப்பாயின்ட்டி. மகள் மைனராக இருக்கும்போது க்ளெய்ம் வந்தால் பணத்தைப் பெற்றுக்கொள்பவர். அவசரத்தில் அண்ணன் பெயரையோ, நண்பர் பெயரையோ போட்டுவிட்டு ஓடிபி அடிப்பவர்கள் அதிகம். அந்தப் பெயருக்குரியவருக்கே விஷயம் தெரியாது என்பதும் சகஜம். ரூ.1 கோடி அப்பாயின்ட்டியின் கைக்குப் போனதும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு முடிந்துவிடும். அதன்பிறகு அந்தப் பணம் டெபாசிட்டில் இருக்கிறதா, யாராவது பிசினஸில் போட்டுவிட்டாரா என்று மாதாமாதம் பார்க்க எந்த அதிகாரியும் இல்லை. கேள்வி கேட்கும் உரிமை குழந்தைக்கு உண்டு. கேள்வி கேட்கும் வயதுதான் இல்லை.

நாமினி பற்றிய குழப்பத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு 4 பேர் வரை நாமினி வைக்கலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரித்துச் சொல்லலாம் என்று விதி மாறியது. நல்ல மாற்றம்தான். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து வாங்குபவர், சொந்தக்காரர் அல்ல. எல்ஐசி பாலிசி தொடர்பான சர்பதி தேவி வழக்கில் 1983-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. கம்பெனிப் பங்குகளுக்கும் இதுதான் நிலை என்று 2023 டிசம்பரில் மறுபடி சொன்னது. இன்ஷூரன்ஸில் மட்டும் 2015 சட்டத் திருத்தம் ஒரு விலக்கு கொடுத்தது: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் அவர்களுக்கே அந்தப் பணத்தில் உரிமை உண்டு.

பிஎஃப் வேறு கதை. முதல் வேலையில் சேர்ந்த அன்று எச்ஆர் நீட்டிய படிவத்தில் அப்பா பெயரோ அம்மா பெயரோ எழுதியிருப்பார்கள். கல்யாணம் ஆகி, குழந்தையும் பிறந்திருக்கும். படிவம் அப்படியே இருக்கும். இபிஎஃப் திட்ட விதிப்படி, குடும்பம் இல்லாதபோது வெளி ஆளுக்குக் கொடுத்த நாமினேஷன், குடும்பம் அமைந்ததும் செல்லாது. புதிதாகக் கொடுக்க வேண்டும். யுஏஎன் போர்ட்டலில் பத்து நிமிட வேலை.

கோவிட் காலத்தில் அரசு எப்படிச் செய்தது?

2021 மே மாதம், கோவிட்டில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு ஒன்றிய அரசும் தமிழக அரசும் தனித்தனியே உதவி அறிவித்தன. தமிழக அரசு ஒவ்வொரு குழந்தையின் பெயரிலும் ரூ.5 லட்சம் டெபாசிட் செய்தது. 18 வயது முடியும்போது வட்டியோடு குழந்தைக்கே கிடைக்கும். வளர்க்கும் உறவினருக்குப் பராமரிப்புக்கென்று மாதம் ரூ.3,000 தனியாக. பிஎம் கேர்ஸ் திட்டத்தில் ரூ.10 லட்சம். ஆனால் 18 வயதில் முழுத் தொகை தருவதில்லை. 18 முதல் 5 ஆண்டுகளுக்கு மாதாந்திர உதவித்தொகை, 23 வயதில்தான் மொத்தத் தொகை.

தொகை சிறியதா பெரியதா என்பது வேறு விவாதம். கவனிக்க வேண்டியது அமைப்பை. வளர்ப்பவர் கையில் மாதச் செலவுக்கு மட்டும். அசல் தொகை தொட முடியாத இடத்தில். மொத்தமாகக் கிடைப்பது விவரம் தெரிந்த வயதில். அதாவது, வளர்ப்பவரும் பணத்தைக் காப்பவரும் ஒரே ஆள் இல்லை. யாரையும் சந்தேகப்பட்டுச் செய்த ஏற்பாடு அல்ல இது. நல்லவரையும் அவருடைய கஷ்ட காலத்தில் சோதிக்காமல் இருக்கும் ஏற்பாடு.

இதே அமைப்பை ஒரு குடும்பம் தன் குழந்தைக்குச் செய்துகொள்ள முடியும். அதற்குத்தான் உயில்.

உயிலுக்குள் ஒரு டிரஸ்ட்

டிரஸ்ட் என்றதும் அறக்கட்டளை, அன்னதானம், கோடீஸ்வரர்கள் என்று நினைக்க வேண்டாம். 'என் சொத்தை இன்னார் வைத்திருந்து, இன்ன குழந்தைக்காக, இன்ன விதத்தில் செலவிட வேண்டும்' என்று உயிலில் எழுதினாலே அது டிரஸ்ட்தான். இந்திய டிரஸ்ட்கள் சட்டம் 1882 இதை அனுமதிக்கிறது. உயிர் இருக்கும்வரை அது நடைமுறைக்கு வராது. மாற்றலாம், கிழித்தும் போடலாம்.

நம் உதாரணத் தம்பதிக்குப் பொருந்தும் எளிய வடிவம் இப்படி இருக்கலாம். கணவர் தன் உயிலில், "என் சொத்து முழுவதும் என் மனைவிக்கு. அவர் என்னோடோ எனக்கு முன்போ இறந்திருந்தால், இந்த இருவரை டிரஸ்டிகளாக நியமிக்கிறேன். ஃபிளாட்டை விற்கவும் பணத்தை முதலீடு செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. மகளின் படிப்பு, மருத்துவம், வளர்ப்புச் செலவுக்கு அதிலிருந்து கொடுக்க வேண்டும். மகளுக்கு 21 வயதில் பாதியும் 25 வயதில் மீதியும் சேர வேண்டும்" என்று எழுதுகிறார். மனைவியும் இதே போல் கணவரை முதலில் வைத்து ஒன்று எழுதுகிறார்.

இந்த நாலு வரி என்னென்ன செய்கிறது பாருங்கள். மனைவி உயிரோடிருந்தால், ஃபிளாட் மகள் பெயருக்குப் போகாது. நீதிமன்ற அனுமதி என்ற பேச்சே இல்லை. இருவரும் இல்லையென்றால், சொத்து டிரஸ்டிகளிடம் போகிறது. விற்கும் அதிகாரம் உயிலிலேயே இருப்பதால் மைனர் சொத்து என்ற பூட்டு விழாது. பணத்துக்கு இல்லாத பூட்டும் வந்துவிடுகிறது, ஏனென்றால் டிரஸ்டி கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். 18-வது பிறந்தநாளில் ரூ.1 கோடி ஒரு பெண்ணின் சேவிங்ஸ் அக்கவுன்ட்டில் வந்து விழுவதும் தவிர்க்கப்படுகிறது. 18 வயதில் தன்னிடம் ஒரு கோடி இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று ஒவ்வொருவரும் நேர்மையாக யோசித்துப் பார்க்கலாம்.

மாமியாரின் மூன்றில் ஒரு பங்கு? உயில் எழுதினால் அது தானாக வராது. அதற்காக அவரை விட்டுவிட வேண்டும் என்றில்லை. மகன் வருமானத்தை நம்பி இருக்கும் அம்மாவுக்கு ஒரு டெபாசிட்டையோ மாதத் தொகையையோ அதே உயிலில் பெயர் சொல்லி எழுதலாம். பங்குச் சண்டையாக வருவதைவிட மகன் கொடுத்ததாக வருவது அவருக்கும் மரியாதை.

மறுமணம் செய்தவர்களுக்கு உயில் இன்னும் அவசியம். மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்த குழந்தையைச் சொந்தப் பிள்ளையாக வளர்த்தாலும், முறைப்படி தத்து எடுக்காவிட்டால் கணவரின் சொத்தில் அந்தக் குழந்தைக்குத் தானாகப் பங்கு வராது.

முஸ்லிம் குடும்பங்களில், உயில் மூலம் கொடுக்கக்கூடியது பொதுவாக மூன்றில் ஒரு பங்குதான். குழந்தையின் சொத்துக்குக் கார்டியன் என்ற வரிசையில் அப்பா, அவர் உயிலில் நியமித்தவர், அப்பா வழித் தாத்தா என்று போகும். சன்னி சட்டத்தில் அம்மா தானாக அந்த வரிசைக்குள் வர மாட்டார். அதனால் அப்பா தன் உயிலில் அம்மாவை நியமித்து வைப்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

கார்டியன்: அம்மாவின் வார்த்தைக்குத்தான் வலு

உயிலில் குழந்தைக்குக் கார்டியனை நியமிக்க 1956 சட்டத்தின் 9-வது பிரிவு வழி செய்கிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அப்பா தன் உயிலில் தன் தம்பியைக் கார்டியனாக எழுதிவிட்டு இறந்தாலும், அம்மா உயிரோடு இருக்கும்வரை அது செல்லாது, அம்மாதான் கார்டியன். பிறகு அம்மா தன் உயிலில் தன் அக்காவை நியமித்திருந்தால், அக்காதான். அம்மா யாரையும் நியமிக்காமல் இறந்தால் மட்டுமே அப்பா எழுதிய தம்பியின் பெயர் மறுபடி உயிர் பெறும். எனவே இருவரும் தனித்தனி உயிலில் ஒரே பெயரை எழுதுவதுதான் குழப்பமில்லாதது.

அந்த ஒரே பெயரை முடிவு செய்வதுதான் உண்மையிலேயே கஷ்டம். "உங்க வீட்டுப் பக்கமா, எங்க வீட்டுப் பக்கமா" என்று ஆரம்பிக்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். தாத்தா பாட்டிதான் முதலில் நினைவுக்கு வருவார்கள். ஆனால் 68 வயதுப் பாட்டிக்கு, குழந்தை கல்லூரி முடிக்கும்போது என்ன வயது இருக்கும் என்ற கணக்கையும் போட வேண்டும். வளர்ப்பதற்கு அத்தை, பணத்தைப் பார்க்க மாமா என்று இரு தரப்பிலும் ஆளுக்கொரு பொறுப்பு கொடுப்பதும் உண்டு. அதில் இன்னொரு பயனும் இருக்கிறது: ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். முதல் பெயருக்கு முடியாமல் போனால் அடுத்தவர் யார் என்று இரண்டாவது பெயரும் எழுதலாம். எழுதுவதற்கு முன்பு அவர்களிடம் கேட்க வேண்டும். உயில் படிக்கும் நாளில் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல இது.

நியமனத்தை எதிர்த்து யாராவது நீதிமன்றம் போனால், குழந்தையின் நலனே முதன்மை என்றுதான் நீதிபதி பார்ப்பார். பெற்றோரின் எழுத்து முடிவான உத்தரவு அல்ல. ஆனால் அவர்கள் என்ன விரும்பினார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எதுவும் இல்லை.

கடன்காரர் தொட முடியாத பாலிசி

சொந்தத் தொழில் செய்பவர்கள், பர்சனல் லோன் அதிகம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 1874. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பாலிசி எடுப்பவர் ஆண். திருமணமான ஒருவர் தன் உயிர்மீது பாலிசி எடுக்கும்போது, 'இது என் மனைவி, குழந்தைகளின் நலனுக்காக' என்று இச்சட்டத்தின் 6-வது பிரிவின்கீழ் பதிந்தால், அந்தப் பாலிசி அவர்களுக்கான டிரஸ்ட்டாகவே ஆகிவிடும். கணவரின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. இங்கேயும் டிரஸ்டியை நியமிக்கலாம். இந்துக்கள், முஸ்லிம்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்பது நாட்டின் மற்ற பகுதிகளில் 1923-லிருந்துதான் வந்தது. சென்னை மாகாணத்தில் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கே வந்துவிட்டது.

ஆன்லைனில் டேர்ம் பாலிசி எடுக்கும்போது இதற்கு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். பாலிசி எடுக்கும்போதே செய்ய வேண்டும். பின்னால் சேர்க்க முடியாது. ஒருமுறை பெயர் போட்டால் பிறகு மாற்றவும் முடியாது. கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு எடுத்தது என்று நிரூபணமானால், கட்டிய பிரீமியம் அளவுக்கு அவர்கள் கேட்கலாம்.

18 வயதில் முடியாத பொறுப்பு

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு மேலே சொன்ன எல்லாமே இரண்டு மடங்கு பொருந்தும். 18 வயது ஆனதும் சட்டத்தின் பார்வையில் பெற்றோரின் கார்டியன் பொறுப்பு முடிந்துவிடுகிறது, நிஜத்தில் முடிவதில்லை. தேசிய டிரஸ்ட் சட்டம் 1999-ன்கீழ், மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் அளவிலான குழு, 18 வயது கடந்த பிறகும் இவர்களுக்குச் சட்டப்பூர்வ கார்டியனை நியமிக்க முடியும். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே தங்களை நியமித்துக்கொண்டு, தங்களுக்குப் பின் யார் என்பதையும் யோசித்து வைக்க வேண்டும். சொத்தை நேரடியாக அந்தப் பிள்ளை பெயரில் எழுதாமல், அவருடைய வாழ்நாள் முழுவதற்குமான டிரஸ்ட்டாக எழுதுவது இவர்களுக்குப் பொருத்தமாக இருக்கும். "அண்ணன் பார்த்துப்பான்" என்று எல்லாவற்றையும் மூத்தவன் பெயரில் எழுதிவிடும் வீடுகள் உண்டு. அண்ணன் பார்த்துக்கொள்ளக்கூடும். அண்ணனுக்கு முன்னால் ஏதாவது ஆகிவிட்டால், அந்தச் சொத்து அண்ணனின் வாரிசுகளுக்குத்தான் போகும்.

எப்படி எழுதுவது?

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளில், தமிழில், கையால் எழுதினாலும் செல்லும். எழுதியவர் கையெழுத்து, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து கட்டாயம். சாட்சிகள் உயிலால் பயன்பெறாதவர்களாகவும், எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாகவும் இருந்தால் நல்லது. அவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் வாய்ஸ் நோட், வீடியோ, டிஜிட்டல் கையெழுத்து எதுவும் உயில் ஆகாது. பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் தொலைந்துபோகாமல் இருக்கவும், 'இது போலி' என்ற வாதத்தை எதிர்கொள்ளவும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது உதவும். டிரஸ்ட் வைத்து எழுதும்போது மட்டும் வழக்கறிஞர் செலவைப் பார்க்கக் கூடாது. ஒரு வார்த்தை பிசகினாலும் அர்த்தம் மாறும்.

சென்னையில் எழுதிய உயிலுக்கும், சென்னையில் உள்ள வீடு, நிலம் பற்றிய உயிலுக்கும் 'புரொபேட்' எனப்படும் நீதிமன்றச் சான்று கட்டாயம் என்ற நிலை பல காலம் இருந்தது. உயில் என்றாலே கோர்ட் அலைச்சல் என்று சென்னைக்காரர்கள் பயந்ததற்கு அது ஒரு காரணம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரத்து மற்றும் திருத்தச் சட்டம், அதற்கு அடிப்படையாக இருந்த 213-வது பிரிவை நீக்கிவிட்டது. தகராறு வரும் என்று தோன்றினால் விருப்பப்பட்டு வாங்கலாம்.

எஸ்டேட் பிளானிங் என்று ரீல்ஸில் வருபவற்றில் பாதி, அமெரிக்காவில் வாரிசு வரியை எப்படித் தவிர்ப்பது என்பது பற்றியவை. இந்தியாவில் அந்த வரி 1985-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. இங்கே கவலை வரி அல்ல. சொத்து இருப்பதே வீட்டுக்குத் தெரியாமல் போவதுதான். 10 ஆண்டுகள் யாரும் தொடாத வங்கி டெபாசிட் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். அதைத் தேடுவதற்கென்றே 'உத்கம்' என்ற போர்ட்டல் நடத்த வேண்டியிருக்கிறது. எந்த வங்கி, எந்த பாலிசி, எந்த ஆப்பில் மியூச்சுவல் ஃபண்ட், யாரிடம் கொடுத்த கடன் என்று ஒரு தாளில் எழுதி உயிலோடு வைப்பது அதனால்தான். பாஸ்வேர்டை எழுத வேண்டாம், கணக்கு இருக்கும் இடம் போதும்.

ஒருமுறை எழுதினால் அப்படியே கிடக்க வேண்டும் என்பதில்லை. இரண்டாவது குழந்தை பிறந்தால், டிரஸ்டியாக எழுதியவர் வெளிநாட்டில் செட்டில் ஆனால், வீட்டை விற்று வேறு வாங்கினால், விவாகரத்து ஆனால் புதிதாக எழுத வேண்டும். கடைசியாக எழுதியதுதான் செல்லும் என்பதால், புதிய உயிலின் முதல் வரியிலேயே முந்தையவை ரத்து என்று தேதியோடு குறிப்பிட்டு, பழைய நகல்களைக் கிழித்துவிடுவது நல்லது.